மூணாம் நம்பரின் மூன்று நிமிடம்

அந்த ஆலோசனை மையத்தில் ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு மரப்பலகை தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சை தெரிந்தால் அறை காலி. சிவப்பு தெரிந்தால் உள்ளே யாரோ ஒருவர் மனதைத் திறந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது கட்டடமே தீப்பிடித்தால் ஒழிய யாரும் கதவைத் தட்டக் கூடாது. இந்த விதியைப் போட்டவர் நிர்வாகி. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். "சிவப்பு திரும்பிடுச்சுன்னா நானே வெளியதான் நிக்கணும், சரிதானே?"

நடைவழியின் கோடியில் இருந்த அறையின் பலகை மட்டும் நாலு மாதமாகப் பச்சையாகவே தொங்கியது. தினமும் காலையில் கதவைத் துடைக்க வரும் அம்மா, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "இது இன்னும் பழுக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அறைக்குள் இருந்தவளுக்கு முதல் தடவை அந்தக் கேலி புரியவில்லை. இரண்டாம் தடவை விளக்கம் கேட்டாள். விளக்கிய பிறகு சிரிக்கவில்லை. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். நிஜமாகவே நன்றாக இருந்ததால்தான் சொன்னாள். இல்லாததைச் சொல்கிற ஆளில்லை அவள்.

அவளை மூணாம் நம்பர் என்று கூப்பிட்டவர்கள் உண்டு. நாமும் அப்படியே கூப்பிடலாம், அவளுக்கு அது பிடிக்கும். இங்கே வருவதற்கு முன் ஆறு வருஷம் ஒரு தொலைபேசி உதவி மையத்தில் மூன்றாவது இணைப்பில் உட்கார்ந்திருந்தாள். மனசு உடைந்தவர்கள் அழைப்பார்கள், இவள் கேட்பாள். "மூணாம் நம்பர் அக்கா இருக்காங்களா? இல்லேன்னா அப்புறமா பேசறேன்" என்று காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு வருஷம் கழித்து ஒருவன் அழைத்து "நான்தாங்க" என்று வாயெடுத்தால் போதும், "உங்க தம்பி திரும்பி வீட்டுக்கு வந்துட்டானா?" என்று கேட்பாள். அந்தப் பக்கம் இரண்டு நிமிடம் பேச்சே வராது. பிறகு விடாமல் வரும்.

தொலைபேசியில் முகம் கிடையாது. அதுதான் அவளுக்கு வசதி. அவளுக்கு ஆட்டிசம். அதற்கு அந்தப் பெயர் என்று அவளுக்கே இருபத்தாறு வயதில்தான் தெரியவந்தது. அதுவரை வீட்டில் அதற்குப் பெயர் திமிர். பெரியவர்கள் கூப்பிட்டால் முகத்தைப் பார்க்கமாட்டாள், திமிர். விருந்தாளி வந்தால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போவாள், திமிர். சித்தப்பா "சும்மா வந்துட்டுப் போறேன்" என்றால், "சும்மான்னா எதுக்கு?" என்று கேட்பாள், கொழுப்பெடுத்த திமிர். மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளை அவள் வீட்டில் படித்துக்காட்டியபோது கூட, சித்தப்பா தலையை ஆட்டிவிட்டு, "அதான் நாங்க அப்பவே சொன்னோமே" என்றார்.

உதவி மையத்தை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். படிப்பும் சான்றிதழும் கையில் இருந்ததால் இங்கே வேலை கிடைத்தது. ஆனால் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில், புதிதாக ஆலோசனை தேடி வருகிறவர்களைக் கூடத்தில் உட்காரவைப்பார்கள். ஆலோசகர்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து மூன்று நிமிடம் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். அதன்பிறகு வந்தவர்கள் ஒரு சீட்டில் தங்கள் பெயரையும் பிடித்தவரின் அறை எண்ணையும் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெண் பார்க்கிற மாதிரி, ஆளைப் பார்த்து முடிவு பண்ணுகிற சங்கதி. மனசைப் பார்க்க வந்த இடத்திலும் முகத்தைக் காட்டித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய?

மூணாம் நம்பருக்கு நாலு மாதமாக ஒரு சீட்டும் விழவில்லை. நிர்வாகி அவளுக்காகவே உட்கார்ந்து ஓர் அறிமுக உரை எழுதிக்கொடுத்திருந்தார். பாவம், நல்ல எண்ணத்தோடுதான். எங்கே நிறுத்துவது, எங்கே யாரைப் பார்ப்பது என்று ஓரங்களில் குறிப்பும் போட்டிருந்தார். இவள் எதை மனப்பாடம் செய்தாலும் முழுத் தாளையும் முழுங்கிவிடுவாள். போன மாதம் கூடத்தில் நின்று, "உங்கள் வலியை நான் உணர்கிறேன் இங்கே மெல்லப் புன்னகை" என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். கூடமே கொல்லென்று சிரித்தது. நிர்வாகியின் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலை அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பாருங்கம்மா, நான் யாரையும் வேலையை விட்டு அனுப்பற ஆளில்லை. ஆனா ஒரு அறை சும்மா கிடக்குது. அடுத்த கூட்டத்துலயும் ஒரு சீட்டு கூட விழலைன்னா, நீங்க பதிவேட்டு அறைக்கு மாறிக்கணும். கோப்பு அடுக்கற வேலை. உங்களுக்கும் அது தோதா இருக்கும், யாரையும் பாக்க வேண்டாம். சரிதானே?"

"சரியில்லை சார்" என்றாள்.

அவர் அதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. 'சரிதானே'க்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

அவளுக்கு அந்த வேலை வேண்டாம். கோப்பு அடுக்குவது கேவலம் என்பதற்காக அல்ல. கேட்பது ஒன்றுதான் அவளுக்கு உலகத்தில் நன்றாக வரும் காரியம். அதையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது வீட்டார் வைத்த அந்தப் பெயர் மட்டுந்தான்.

அவள் அக்காவோடு இருந்தாள். அக்கா பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். வாய் ஓயாது, ஆனால் கை நடுங்காது. விஷயத்தைக் கேட்டதும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டாள்.

"மூணே மூணு நிமிஷம்டி. பல்லைக் கடிச்சுக்கிட்டு நடிச்சுட்டு வா. சீட்டு விழட்டும், அப்புறம் உன் இஷ்டப்படி இரு. இப்ப என் மூக்கைப் பாரு. மூக்கைப் பாத்தா கண்ணைப் பாக்கற மாதிரியே இருக்கும்."

"நீ ரத்தம் எடுக்கறப்போ வந்தவங்க கண்ணையா பாக்கற?"

"நரம்பைப் பாப்பேன். கண்ணைப் பாத்துட்டு ஊசியை எங்க குத்தறது?"

"நானும் அதைத்தான் செய்யறேன்."

அக்கா தன் மூக்கு நுனியைத் தட்டிக் காட்டினாள். பிறகு, "வாய் மட்டும் வக்கணையா இருக்கு. மூக்கைப் பாரு" என்றாள்.

மூன்று வாரம் இந்தக் கூத்து நடந்தது. நிர்வாகி இந்த முறை ஓரக் குறிப்புகள் இல்லாமல் சுத்தமாகத் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். மூணாம் நம்பர் புன்னகையை வாக்கியத்துக்கு வாக்கியம் பொருத்திக்கொண்டாள். குரலில் கொஞ்சம் குழைவு சேர்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று ஒரு பிசிறில்லாமல் பேசி முடித்தாள். அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"இதேதான்டி! இப்படியே இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!"

சொன்ன பிறகுதான் அக்காவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. மூணாம் நம்பர் மணிக்கட்டில் எப்போதும் கிடக்கும் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டாள். சித்தப்பா சொன்னதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவள்தான். அக்கா சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வலித்தது, சந்தேகமே இல்லாமல் வலித்தது.

மறுநாள் கூடத்தில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஜன்னல்களில் நீலத் திரை, ஓரமாகத் தண்ணீர்க் குவளைகள், தலைக்கு மேல் நாலு மின்விசிறிகள். அதில் மூன்றாவது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் கீச்சிட்டது. மற்றவர்களுக்கு அது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. அவளுக்குப் பல்லில் ஊசி ஏற்றுவது போலிருந்தது. அந்தப் பதினெட்டுப் பேர் போக, கடைசி வரிசையில், முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நினைப்பு. அக்காவின் பையை மூணாம் நம்பருக்குத் தெரியாதா?

முதலில் தேன்குரல் என்று பேரெடுத்த ஆலோசகர் பேசினாள். அவள் பேசினால் யாருக்கும் தூக்கம் வரும், நல்ல அர்த்தத்தில்தான். அடுத்து தாடி வைத்த இன்னோர் ஆலோசகர். இருவரும் சொன்னது ஒன்றேதான். நான் பொறுமையாகக் கேட்பேன், உங்கள் வலி என் வலி, கவலையை விடுங்கள். பிறகு நிர்வாகி மூணாம் நம்பரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அவள் எழுந்து வந்து நின்றாள். முன்வரிசையில் ஒருவரின் மூக்கில் பார்வையை நிறுத்திக்கொண்டாள். புன்னகைத்தாள். குரல் குழைந்தது.

"வணக்கம். உங்கள் எல்லோரையும் சந்திப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இங்கே நீங்கள் எதற்கும் தயங்க வேண்டாம். என் அறையில் நீங்கள்..."

அங்கே நின்றுபோனாள். மறக்கவில்லை. அடுத்த வரி கண் முன்னால் அச்சடித்த மாதிரி இருந்தது. 'என் அறையில் நீங்கள் நீங்களாகவே இருக்கலாம்.' நூறு தடவை சமையலறையில் சொன்ன வரிதான். ஆனால் சமையலறையில் கேட்டவள் அக்கா மட்டும். இங்கே பதினெட்டுப் பேர் நிஜமாகவே அதை நம்பி வந்திருக்கிறார்கள். முன்வரிசையில் ஒரு பெண் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று கூசிக் கூசி உட்கார்ந்திருந்தாள். விசிறி கீச்சிடும்போதெல்லாம் இவளுக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் தோள் துள்ளியது. இரவல் சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் மூக்கைப் பார்த்துக்கொண்டு, நீ நீயாக இரு என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

மூணாம் நம்பர் நேரே சுவரோரம் நடந்துபோய் மூன்றாவது விசிறியை நிறுத்தினாள்.

கூடம் அமைதியானது. முன்வரிசைப் பெண் காதிலிருந்து விரலை எடுத்தாள். நடு வரிசையில் மலை மாதிரி உட்கார்ந்திருந்த ஓர் ஆள், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், சட்டைப் பையில் இன்னும் திருப்புளி இருந்தது, அவர் அண்ணாந்து பார்த்து, "பேரிங் போயிடுச்சு. ஒரு மாசமா கத்தியிருக்கும்" என்றார்.

"நாலு மாசமா" என்றாள் மூணாம் நம்பர். அவள் குரலில் குழைவு போயிருந்தது. தட்டையான, ஏற்ற இறக்கமில்லாத அவளுடைய சொந்தக் குரல். பார்வையை ஜன்னல் கொக்கிக்கு மாற்றிக்கொண்டாள்.

"இவ்வளவு நேரம் நான் பேசினது எழுதிக் குடுத்தது. அதை விட்டுடுங்க. எனக்கு ஆட்டிசம் இருக்கு. ஐயோ பாவம்னு பாக்காதீங்க, அது எனக்கு வேண்டாம். மருந்து எதுவும் சொல்லாதீங்க, அதுவும் வேண்டாம். ஆட்டிசம் இருக்கறவங்க எல்லாரும் இப்படித்தான்னும் எடுத்துக்காதீங்க. நான் என்னைப் பத்தி மட்டும் சொல்றேன்."

நிர்வாகி நாற்காலியில் நெளிந்தார். கையால் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கமாட்டாள்.

"உங்க கண்ணைப் பாத்துப் பேசமாட்டேன். பாத்தா காது அடைச்சுக்கும், நீங்க சொல்றது கேக்காது. கேக்கறதுதான் என் வேலை, அதனால கண்ணை விட்டுட்டேன். என் கையில ரப்பர் பேண்ட் இருக்கும், இழுத்துக்கிட்டே இருப்பேன். அது சலிப்பு இல்லை, கவனம். சென்ட் போட்டுட்டு வந்தா ஜன்னலைத் திறப்பேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா ஒண்ணுமில்லைன்னே எடுத்துக்குவேன், சுத்தி வளைச்சா எனக்குப் புரியாது. போட்டு உடைச்சுப் பேசுங்க. எனக்குப் புரியலைன்னா புரியலைன்னு சொல்வேன், சும்மா தலையை ஆட்டமாட்டேன். உங்க வலி என் வலின்னு சொல்லமாட்டேன். அது உங்க வலி. ஆனா நீங்க முதல் நாள் சொன்னதைப் பத்தாவது மாசம் கேட்டாலும் வார்த்தை மாறாம சொல்வேன். எங்க மாத்திச் சொல்றீங்களோ அங்க நிறுத்திக் கேப்பேன். அவ்வளவுதான் நான். இதைச் சரிபண்ணிக்கிட்டு வந்து நிக்கறதா எனக்கு உத்தேசம் இல்லை. வேணும்னா வாங்க."

பின்வரிசையில் ஒரு தம்பதி எழுந்து வெளியே போனார்கள். யாரோ இருமினார்கள். நிர்வாகி ஒரே பாய்ச்சலில் முன்னால் வந்து, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"நம்ம ஆலோசகர் இன்னைக்குக் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க..."

"இல்லை சார், படலை" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவளைப் பார்த்து இல்லை.

லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்தும் நின்றார். இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு கேக்கலாமா? கண்ணை மட்டும்தானா... இல்ல, மூஞ்சியவே பாக்கமாட்டீங்களா?"

"பாக்கமாட்டேன்."

"நான் அழுதாலும்?"

அவ்வளவு பெரிய ஆள், நின்ற இடத்திலேயே தன் திருப்புளியை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அழுங்க" என்றாள் மூணாம் நம்பர். "பாக்கமாட்டேன். ஆனா ஒரு வார்த்தையும் விடாம கேப்பேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சீட்டை எடுத்துத் தொடைமேல் வைத்து எழுதினார். மறைக்கக்கூட இல்லை.

கூட்டம் கலைந்து நடைவழியில் வந்தபோது, முக்காட்டை விலக்கிவிட்டு அக்கா ஓடிவந்தாள்.

"அடிப்பாவி! மூணு வாரம் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக்குடுத்தேனேடி! திமிர் பிடிச்சவளே!" என்று ஆரம்பித்தவள், பாதியில் மூக்கை உறிஞ்சினாள். "நேத்து நான் ஒண்ணு சொன்னேன்ல..."

"'இப்படியே இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.'"

"அதேதான், வார்த்தை மாறாம வெச்சிருக்கியே பாவி. அது தப்புடி. புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன். போய் எனக்கும் ஒரு சீட்டுக் குடுங்கன்னு கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க."

"சொந்தக்காரங்க எங்கிட்ட வரக் கூடாது. விதி."

"தெரியும்டி. தெரிஞ்சுதான் கேட்டேன்."

மூணாம் நம்பர் யோசித்தாள். விதி தெரிந்தும் ஏன் கேட்டாள் என்பது புரிய நாலு நொடி ஆனது. புரிந்ததும் அக்காவின் பைப் பட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் யாரையும் கட்டிப்பிடிக்கிறவள் இல்லை. பட்டையைப் பிடித்ததே அக்காவுக்குப் போதும்.

பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். தேன்குரலுக்கு ஒன்பது, தாடிக்காரருக்கு ஆறு. கோடி அறைக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. முன்வரிசைப் பெண் கூடத் தேன்குரலைத்தான் எழுதியிருந்தாள். மூணாம் நம்பருக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. இருக்கட்டும், யாரிடம் போவது என்பது அவள் பாடு.

லிஃப்ட்காரர் ஏற்கெனவே கோடி அறைக்குள் போய் உட்கார்ந்திருந்தார். மூணாம் நம்பர் வாசலுக்கு வந்தபோது நிர்வாகி அரக்கப் பரக்கப் பின்னால் வந்தார். கோபப்படுகிற மனிதர் அல்ல, ஆனால் கழுத்து சிவந்திருந்தது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? ரெண்டு பேர் எழுந்தே போயிட்டாங்க. அந்த மனுஷர் ஏதோ இரக்கப்பட்டு எழுதியிருக்கார். அவரை நான் வேற ஆள்கிட்ட மாத்தி விடறேன். நீங்க திங்கக்கிழமை பதிவேட்டு அறைக்கு..."

"'அடுத்த கூட்டத்துலயும் ஒரு சீட்டு கூட விழலைன்னா, நீங்க பதிவேட்டு அறைக்கு மாறிக்கணும்.' போன மாசம் முதல் சனிக்கிழமை, சாயங்காலம் நாலே முக்காலுக்குச் சொன்னீங்க. விழுந்திருக்கு சார்."

"அதை அப்படியே எடுத்துக்கக் கூடாதும்மா. நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"சொன்னதுதான் சார் எனக்குத் தெரியும். சொல்ல வந்தது தெரியாது."

உள்ளே பெரிய ஆளின் நாற்காலி கிறீச்சிட்டது. மூணாம் நம்பர் பலகையைப் பிடித்தாள். நாலு மாதமாக அசையாததில் ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு திருகினாள். சிவப்பு வெளியே வந்தது. வெயில் படாத பக்கம், வண்ணம் மங்காமல் புத்தம் புதிதாக இருந்தது.

"சிவப்பு திரும்பிடுச்சு சார்" என்றாள். "நீங்க வெளியதான் நிக்கணும்."

கதவைச் சாத்தினாள். கதவுக்கு வெளியே வாளி வைக்கிற சத்தம் கேட்டது. துடைக்க வரும் அம்மாவின் குரல், "அட, பழுத்துடுச்சே!" என்றது. அதற்குப் பின்னாலேயே நிர்வாகியின் குரல், மிக மெல்ல, "ஸ்... சத்தம் போடாதீங்கம்மா. உள்ள பேசறாங்க" என்றது.

அவள் உட்கார்ந்து ரப்பர் பேண்டை இழுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். எதிரில் பெரியதாக ஒரு மூச்சு உடைந்தது. அவள் திரும்பவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.